கணிதத்தில் தடுமாறிய மாணவியும் சமூக அறிவியல் பட்டப்படிப்புத் தேர்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மாணவி திருநெல்வேலிக்கு மேற்கே, தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் குடும்பங்கள் உள்ள ஒரு பேரூரைச் சேர்ந்தவர். தந்தை கட்டட வேலைக்காக ஆண்டில் பாதி நாள் கேரளத்தில் தங்குபவர். தாய் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். மாணவி ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் ஆள் அவர்தான். அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதைப் பதிவு செய்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற முதுகலைப் பொருளியல் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் 2 முடிவுகள் வந்த பின் சில வாரங்கள், ஊரின் கிளை நூலகத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து, கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வருகிற பிள்ளைகளுடன் பேசுவது வழக்கம். அதே ஊரில் பிறந்து, இப்போது ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் பேராசிரியை ஒருவர் இதில் எனக்குத் துணை. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகள் எங்கள் இருவருடையவை. அவற்றில் ஒரு பிழை முழுக்க என்னுடையது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

மாணவியின் ஆண்டில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பெருந்தொற்றால் ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் கொடுத்து அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிளஸ் 1-லும் பொதுத்தேர்வு இல்லை. ஆக, 2022 மே மாதம் நடந்த பிளஸ் 2 தேர்வுதான் அவர்கள் வாழ்வில் எழுதிய முதல் பொதுத்தேர்வு. இந்த மாணவிக்குப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் விழுந்த 41 மதிப்பெண்ணும் அந்தக் கூட்டலில் வந்ததுதான். ஆனாலும் அந்த 41 அவர் மீது முத்திரையாக ஒட்டிக்கொண்டது. பள்ளியில் 'கணக்கு இல்லாத குரூப்' என்று சொல்லி வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் அடங்கிய பிரிவில் சேர்த்தார்கள். அதில் அவர் நன்றாகவே படித்தார். கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்கும் நான்கு பாடங்களில் 400-க்கு 338.

முடிவுகள் 2022 ஜூன் 20-இல் வெளியாயின. இரண்டு நாள் கழித்து மாணவி தம் சித்தியுடன் நூலகத்துக்கு வந்தார். அன்று சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கும் நேரம் என்பதால் தாய் வரவில்லை. சித்தி நேராக விஷயத்துக்கு வந்தார்: "சார், இவளுக்குக் கணக்குன்னாலே ஆகாது. கணக்கே இல்லாத படிப்பா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." மாணவி சற்று நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி, "எனக்குப் பொருளியல்தான் சார் பிடிக்கும். ஆனா அதுல கணக்கு வரும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

கவனித்தவை

'கணக்கு வராது' என்ற சொல்லை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எது வராது, எந்த வகுப்பிலிருந்து வராமல் போயிற்று என்று தெரியாமல் எந்தப் படிப்பையும் விலக்கவும் முடியாது, பரிந்துரைக்கவும் முடியாது. எனவே மூன்று மாலைகள் மாணவியுடன் உட்கார்ந்தோம்.

முதல் மாலை தாயின் பீடி பாஸ்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். வீட்டில் அதை எழுதிப் பார்த்துக்கொள்பவர் இவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. 25 பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு 40 கட்டு. எத்தனை கட்டு கொடுத்தார்கள், கடையில் எத்தனை பீடியைக் கழித்தார்கள், கையில் எவ்வளவு வர வேண்டும் என்பதை அவர் தாளோ பேனாவோ இல்லாமல் சொன்னார். "700 பீடி கொடுத்து 35 கழிச்சுட்டாங்கன்னா நூத்துக்கு எத்தனை போச்சு?" என்று கேட்டேன். "அஞ்சு" என்று உடனே பதில் வந்தது. அதன்பின் பேராசிரியை அதே கேள்வியைப் பள்ளிக்கூட நடையில் தாளில் எழுதிக் கொடுத்தார்: '700-இன் எக்ஸ் விழுக்காடு 35 எனில் எக்ஸ்-இன் மதிப்பு யாது?' மாணவி தாளை நெடுநேரம் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. இரண்டும் ஒரே கணக்கு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாம் மாலை கீழ்வகுப்புக் கணக்குகளைக் கொடுத்தோம். பெருக்கல், வகுத்தல், பணக் கணக்கு, நேரக் கணக்கு ஆகியவற்றில் தடுமாற்றமே இல்லை. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினார். கழித்தல் எட்டிலிருந்து ஐந்தைக் கழித்தால் கூட்டல் பதின்மூன்று என்றார். 'ரெண்டு மைனஸ் வந்தா பிளஸ்' என்று எங்கோ கேட்ட விதி எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. ஆக, தடுமாற்றம் பின்னங்களிலும் குறை எண்களிலும் தொடங்கி, எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிற இடத்தில் முழுமையாகிறது. ஏழாம் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டபோது காரணம் விளங்கியது. அந்த ஆண்டு தந்தை சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்திருக்கிறார். ஏறத்தாழ நான்கு மாதம் மாணவி பள்ளிக்குப் போகாமல் தாயுடன் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறார். திரும்பிப் போனபோது வகுப்பு அந்தப் பாடங்களைக் கடந்துவிட்டிருந்தது. யாரும் அவருக்காகத் திரும்பிப் போகவில்லை.

கணிதக் கற்றல் குறைபாடு என்ற வாய்ப்பையும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இதுவும் அடங்கும். முறைப்படி சான்று பெற்றவர்களுக்குத் தேர்வுச் சலுகைகள் உண்டு. கடிகாரம் பார்ப்பதிலும், சில்லறை எண்ணுவதிலும், இரண்டு எண்களில் எது பெரிது என்று சட்டெனச் சொல்வதிலும் வயது வந்த பிறகும் குழப்பம் இருந்தால் மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. இவரிடம் அத்தகைய அடையாளம் எதுவும் தென்படாததால் அனுப்பவில்லை.

மூன்றாம் மாலை வேறொன்று செய்யச் சொன்னோம். உன் தெருவைப் பற்றி உனக்குப் பதில் தெரியாத பத்துக் கேள்விகளை எழுது என்றேன். பொருளியலில் ஈர்ப்பு உள்ள பிள்ளை கூலி, விலை, கடன் என்று எழுதும் என எதிர்பார்த்தேன். அவர் எழுதிய பத்தில் மூன்றுதான் அப்படி. மற்ற ஏழும் வேறு வகை: எங்கள் தெருவில் ஆண்கள் ஏன் பீடி சுற்றுவதில்லை, கல்யாணம் பேச வரும்போது பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்று ஏன் கேட்கிறார்கள், பீடி சுற்றும்போது நான்கு வீட்டுப் பெண்கள் ஏன் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள், சிலரை ஏன் அங்கே கூப்பிடுவதில்லை. இந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் முடிவில் வேறு எதைவிடவும் இது அதிகம் எடை போட்டது.

பாடத்திட்டங்களைப் படித்தது

அவர் தினமும் பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் இருந்த கல்லூரிகளில் நான்கு சமூக அறிவியல் படிப்புகள் இருந்தன: பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல், வரலாறு. உளவியல் படிக்கச் சுயநிதிக் கல்லூரிக்குப் போக வேண்டும். கட்டணம் கட்ட வழியில்லை. அதிலும் புள்ளியியல் தாள் உண்டு. சமூகப்பணி இளநிலைப் படிப்பு விடுதியில் தங்கினால்தான் ஆகும். உறவினர் ஒருவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க வைக்கலாமே என்று தொலைபேசியில் சொன்னாராம். அங்கே பொருளியல் சிறப்புப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருப்பது கட்டாயம் என்பதால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

வரலாற்றில் கணிதம் அறவே இல்லை. அரசியல் அறிவியலிலும் பெயருக்குத்தான். இவ்விரண்டையும் எடுத்தால் சித்தியின் கோரிக்கை நிறைவேறிவிடும். மாணவிக்கு இரண்டிலும் வெறுப்பு இல்லை, ஈர்ப்பும் இல்லை. மூன்று ஆண்டு ஒரு பாடத்துடன் வாழ வேண்டிய பிள்ளைக்கு அது போதாது என்று நாங்கள் நினைத்தோம்.

பொருளியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் பெரும்பாலும் சொற்களால் ஆன பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே பிளஸ் 1-இன் பன்னிரண்டாம் பாடம் பொருளியலுக்கான கணித முறைகள். அணிகள், அணிக்கோவை, வகையீடு, தொகையீடு அதில் உள்ளன. பிளஸ் 2-இன் பன்னிரண்டாம் பாடம் புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியலும். திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு அதில் வருகின்றன. இந்த இரண்டு கடைசிப் பாடங்களையும் மாணவி ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. 'சாய்ஸில் விட்டுவிடலாம்' என்று சொல்லிவிட்டார்களாம். அப்படிச் சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பிளஸ் 2-வில் 80-க்கு மேல் எடுத்துவிட்டுக் கல்லூரிப் பொருளியலுக்குப் போகிற பிள்ளை, விட்டுவிட்ட அதே இரண்டு பாடங்கள் முழுத் தாள்களாக விரிந்து நிற்பதை முதலாண்டிலிருந்தே சந்திக்கிறது.

நாங்கள் பார்த்த பொருளியல் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு பருவங்களிலும் புள்ளியியல் தாள்கள் இருந்தன. அதன் பின் பொருளியலுக்கான கணிதம். அவை தவிர, நுண்ணியல் பொருளியல் தாளுக்குள்ளேயே கணிதம் கலந்திருக்கிறது. இறுதிநிலை, அதாவது ஓர் அலகு கூடும்போது வரும் மாற்றம், வகைக்கெழுதான். நெகிழ்ச்சி என்பது இரண்டு விழுக்காட்டு மாற்றங்களின் விகிதம். வரைபடத்தை மனப்பாடமாக வரைந்து தேர்ச்சி பெறுகிறவர்கள் உண்டு. கோடு ஏன் அப்படிச் சரிகிறது என்று அவர்களால் சொல்ல முடியாது.

சமூகவியலில் நிலைமை வேறு. முதல் மூன்று பருவங்களில் கணிதம் இல்லை. ஆய்வு முறையியல் தாளில் புள்ளியியல் ஓர் அலகாக வருகிறது. கடைசியில் களஆய்வுத் திட்டம் ஒன்று. அதில் தேவைப்படுபவை சராசரி, இடைநிலை, முகடு, விழுக்காடு, அட்டவணை, திட்டவிலக்கம், ஒட்டுறவு போன்றவை. எழுத்துக் கணிதத்தைவிட எண் கணிதத்தின் மீதே இவை நிற்கின்றன. இப்படித்தான் மாணவியிடம் சொன்னேன். இங்கேதான் என் பிழை. நான் கையில் வைத்திருந்தது முந்தைய பாடத்திட்டம். இவர் சேரவிருந்த ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்திய திட்டத்தில் சமூகப் புள்ளியியல் நான்காம் பருவத்தில் ஒரு முழுத் தாளாகியிருந்தது. அதை நான் சரிபார்க்கவில்லை.

முடிவும் அதன் காரணங்களும்

ஜூலை முதல் வாரத்தில் சமூகவியல் என்று முடிவாயிற்று. மூன்று காரணங்களை மாணவியிடமும் சித்தியிடமும் வெளிப்படையாகச் சொன்னோம். அவர் எழுதிய கேள்விகள் சமூகவியலை நோக்கியே இருந்தன. கணிதம் தாமதமாக வருவதால் சரிசெய்துகொள்ள அவகாசம் உண்டு. அங்கே வருகிற கணிதம் அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற திறனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கணிதத்தை முழுவதும் தவிர்க்கும் படிப்பு நல்லதல்ல என்ற எங்கள் கருத்தையும் மறைக்கவில்லை. சித்தி, "டிகிரி முடிச்சுட்டு டிஎன்பிஎஸ்சி எழுதணும் சார், அதுக்கு எந்த டிகிரியும் போதும்ல" என்று கேட்டார். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவும் மனக்கணக்கும் என்பதையும், குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 33 விழுக்காடு எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் தேற முடியாது என்பதையும் சொன்னோம். வரலாறு எடுத்தாலும் கணக்கு வேறொரு வாசலில் காத்திருக்கும். அதைக் கேட்டுச் சித்தி முகம் வாடியது எனக்கு நினைவிருக்கிறது. மாணவி மட்டும், "அப்ப எப்பயாச்சும் கத்துக்கத்தானே சார் வேணும்" என்றார்.

நகரத்தில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் தமிழ்வழியில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அதுவே பெரும் துணை.

முதல் மூன்று பருவங்கள்

இவை சிக்கலின்றிக் கழிந்தன. மாணவி எல்லாத் தாள்களிலும் 60-க்கு மேல் எடுத்தார். விடுமுறையில் நூலகத்துக்கு வருவார். சாதி, குடும்பம், உழைப்பு பற்றி நிறையப் பேசுவார். பின்னங்களையும் குறை எண்களையும் சரிசெய்துகொள்ள மாதம் இரண்டு ஞாயிறு உட்காரலாம் என்று சொல்லியிருந்தோம். இரண்டு முறை உட்கார்ந்தோம், அதன்பின் நின்றுவிட்டது. தேர்வில் கணக்கு இல்லாதபோது கணக்குப் படிக்க யாருக்கும் மனம் வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நான்காம் பருவம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மாணவியின் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பீடி இலையும் தூளும் வீணாயின. கல்லூரி தாமதமாகத் திறந்தபோது கால அட்டவணையில் 'சமூகப் புள்ளியியல்' இருப்பதைப் பார்த்திருக்கிறார். அப்போது என்னிடம் வரவில்லை. பிப்ரவரியில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25-க்கு 6 வாங்கிய பிறகு வந்தார். "நீங்க ஒரு யூனிட்தான்னு சொன்னீங்கள்ல சார்" என்றார். குரலில் கோபமில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. பழைய பாடத்திட்டத்தை வைத்துச் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன்.

விடைத்தாளைப் பார்த்தோம். சூத்திரங்கள் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தன. எண்களைப் போட்ட அடுத்த வரியிலேயே எல்லாம் குலைந்திருந்தது. சிக்மா குறியைக் கண்டதும் கை நின்றுவிடுவதாகச் சொன்னார். விலக்கங்களில் குறை எண் வந்த ஒவ்வோர் இடத்திலும் பிழை. ஏழாம் வகுப்பில் விட்டுப்போன அதே நான்கு மாதங்கள் இப்போது கல்லூரித் தேர்வுத்தாளில் வந்து நின்றன.

பேராசிரியை ஒரு வழி செய்தார். சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு, தாய் ஒரு வாரம் சுற்றிய பீடியின் எண்ணிக்கையைப் பாஸ்புத்தகத்திலிருந்து எழுதச் சொன்னார்: 600, 650, 700, 700, 750, 800, 700. கூட்டினால் 4,900, ஏழு நாளுக்குச் சராசரி 700. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாரம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் எழுதினார்: 400, 1,000, 700, 500, 900, 600, 800. கூட்டினால் அதுவும் 4,900. சராசரி அதுவும் 700. "ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டார். மாணவி உடனே, "இல்ல மேடம். அந்த அக்காவுக்குக் கைப்பிள்ள இருக்கு. பிள்ள தூங்குற அன்னைக்குத்தான் சுத்துவாங்க" என்றார். பிறகு ஒவ்வொரு நாளும் 700-லிருந்து எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூடியது என்று ஒரு பத்தியில். அதை அதனாலேயே பெருக்கி அடுத்த பத்தியில். குறைந்தது கழித்தல், கூடியது கூட்டல். கடையில் வரவு எழுதுவது போல. தாய்க்குத் திட்டவிலக்கம் ஏறத்தாழ 60. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாக 200.

மாணவி இரண்டு எண்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டவிலக்கம்னா, ஒருத்தருக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குதுங்கிறதுதானா மேடம்? இத ஏன் கிளாஸ்ல சொல்லல?" என்றார். பத்தி பத்தியாக எழுதிய பிறகு, சிக்மா என்பது 'இந்தப் பத்தியைக் கூட்டு' என்ற ஆணை மட்டும்தான் என்று சொன்னபோது அவர் மறுபடியும் அந்த 25-க்கு 6 தாளை எடுத்து, எங்கள் முன்னிலையிலேயே முதல் கணக்கைப் போட்டார்.

அதன்பின் பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை. பாதி நேரம் குறை எண்களுக்கும் பின்னங்களுக்கும் போயிற்று. மீதி நேரம்தான் தாளுக்கு. விடையை எழுதுவதற்கு முன் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டாய விதியாக வைத்தோம். அந்தத் தாளில் தேர்ச்சி பெறப் பல்கலைத் தேர்வில் 75-க்கு 30 எடுத்தாக வேண்டும். ஏப்ரல் தேர்வில் 38 எடுத்தார்; உள்மதிப்பீட்டில் 13 சேர்த்து மொத்தம் 51. அவருடைய மூன்றாண்டு மதிப்பெண் பட்டியலில் மிகக் குறைந்த எண் இதுதான். முதல் முறையிலேயே தேர்ச்சி.

களஆய்வு

ஆறாம் பருவத் திட்டத்துக்கு மாணவி தம் தெருவையே எடுத்துக்கொண்டார். சொந்தத் தெருவை ஆராய்வது ஆய்வாகுமா என்று வகுப்பில் யாரோ கேட்டுவிட்டார்களாம், தயங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களை நேரில் கணக்கெடுக்கச் செய்ததையும், அப்படி ஆராயப்பட்டவற்றுள் நம் கங்கைகொண்டானும் ஒன்று என்பதையும், அதே ஊர்களுக்குப் பின்வந்தவர்கள் திரும்பப் போய் எண்களை ஒப்பிட்டதையும் சொன்னேன். திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் தாண்டிப் போகிற ஊர் அது என்பதால் அவருக்குத் துணிச்சல் வந்தது.

42 வீடுகளில் தகவல் சேகரித்தார். பீடியைக் கடைக்குக் கொண்டுபோவது யார், கழிவு எவ்வளவு, பாஸ்புத்தகம் யார் பெயரில் என்பன அவர் கேள்விகள். முதல் வரைவில் ஓர் இடத்தில், 42 பேரில் 17 பேர் 247 விழுக்காடு என்று எழுதியிருந்தது. 17-ஐ 42-ஆல் வகுப்பதற்குப் பதில் 42-ஐ 17-ஆல் வகுத்திருந்தார். நான் சுட்டிக்காட்டும் முன்பே, வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தவர் அந்த எண்ணில் நின்றார். "பாதிக்குக் கீழதானே வரணும்" என்று தமக்குத்தாமே சொல்லிவிட்டு, அடித்து, 40.5 என்று திருத்தினார்.

விளைவு

2025-இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். ஆய்வு முறையியலில் 68. அதே ஆண்டு முதுகலைச் சமூகவியலில் சேர்ந்திருக்கிறார். அங்கும் புள்ளியியல் தாள் உண்டு. இம்முறை பாடத்திட்டத்தைத் தாமே இறக்கிப் படித்து, எந்த ஆண்டுக்கானது என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பினார்.

எதை மாற்றுவோம்

பாடத்திட்டத்தைக் கையில் எடுத்ததும் அது எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்குரியது என்பதைக் கல்லூரித் துறையில் கேட்டு உறுதி செய்வதை இப்போது தவறாமல் செய்கிறோம். தாளின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதையும் விட்டுவிட்டோம். அலகுகளைப் படித்து, கிடைத்தால் பழைய வினாத்தாள் இரண்டையும் மாணவர் முன்னால் வைத்துப் பார்க்கிறோம்.

பின்னங்களையும் குறை எண்களையும் 2022 ஜூலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கிற வாரங்கள் இதற்குப் போதுமானவை. பதினெட்டு மாதம் தள்ளிப்போட்டு, வெள்ளத்தில் வீடு நனைந்த ஒரு பருவத்தில் அவசர அவசரமாகச் செய்தோம்.

பொருளியலை விலக்கியது சரிதானா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. நான்காம் பருவத்தில் அவர் காட்டிய வேகத்தைப் பார்த்தால், அந்த முன்தயாரிப்பு இருந்திருந்தால் பொருளியலையும் தாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். பத்துக் கேள்விகள் எழுதிய தாளைப் பார்க்கும்போது சமூகவியல்தான் அவருடைய இடம் என்றும் தோன்றுகிறது. ஆனால் அவர் கேள்விகள் வேறு திசையில் இருந்து, கணிதப் பயத்தால் மட்டும் பொருளியலைக் கைவிட்டிருந்தால், எங்கள் ஆலோசனை ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கும்.

கடைசியாக, தாய். சமூகப் புள்ளியியல் தாள் இருப்பதும், மகள் அதில் 25-க்கு 6 வாங்கியதும், மகள் ஓரிரவு அழுதபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று ஆண்டில் ஒருமுறைகூட நாங்கள் அவரைச் சந்திக்கவில்லை. பீடிக்கடைக்குப் போகும் நேரமும் நூலக நேரமும் ஒன்றாக இருந்தன. மனக்கணக்கை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கட்டு எண்ணுவதை, கழிவைச் சரிபார்ப்பதை, ஏமாறாமல் கூலி வாங்குவதை மகள் அவரிடம்தான் கற்றாள். இந்த ஆண்டு முதல், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கான முதல் சந்திப்பை ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டுத் திண்ணையில், தாய் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வைத்துக்கொள்கிறோம்.